கோபால்ட் 60-ம் ஒரு கண்ணாடியும்

கோபால்ட்ங்கற வார்த்தைய நான் முதமுதல்ல கேட்டது ஃபிசிக்ஸ் கிளாஸ்ல இல்ல, ஒரு ஆஸ்பத்திரி வராண்டாவுல. நான் அப்ப ஒம்பதாவது முடிச்சிருந்தேன். பெரியம்மாவுக்கு கர்ப்பப்பை வாய்ல கேன்சர்னு கண்டுபிடிச்சு, கரண்ட் வச்சுடலாம்னு டாக்டர் சொல்லிட்டாங்க (ரேடியேஷன் குடுக்கறத எங்க பக்கம் எல்லாரும் கரண்ட் வைக்கறதுன்னுதான் சொல்லுவாங்க), வாரத்துக்கு அஞ்சு நாள்னு அஞ்சு வாரம், ஸ்கூல் லீவுங்கறதால துணைக்கு நான்தான் போவேன். பெஞ்சுல வரிசையா உக்காந்திருக்கறவங்க ஒருத்தர ஒருத்தர் பாத்து "இன்னைக்கு எத்தனாவது கரண்ட்டும்மா?"ன்னு கேட்டுக்குவாங்க. அந்த ரூம் கதவு ரொம்ப கனமா இருக்கும், மேல மஞ்சள்ல மூணு இதழ் போட்ட அந்தக் கதிர்வீச்சு எச்சரிக்கைச் சின்னம், கீழ "கோபால்ட் அறை"ன்னு பெயிண்ட்ல எழுதியிருக்கும். எனக்கு அந்தச் சின்னம் மட்டும் ரொம்ப பிடிச்சிருந்துச்சு. நோட்டுல கடைசி பக்கத்துல காம்பஸ் வச்சு அத வரைஞ்சுக்கிட்டே இருப்பேன்.

அப்புறம் பல வருஷம் கழிச்சு எம்.எஸ்சி ரெண்டாவது வருஷம், நியூக்ளியர் ஃபிசிக்ஸ் பேப்பர்ல பீட்டா சிதைவு (ஒரு அணுக்கரு எலக்ட்ரான வெளிய விட்டுட்டு வேற தனிமமா மாறுறது) பாடத்துல அரைப் பக்கத்துக்கு ஒரு சோதனை வந்துச்சு, அஞ்சு மார்க் கேள்விக்கு உள்ளது. அதுல "கோபால்ட் 60 அணுக்கருக்கள்"னு படிச்சதும் அப்படியே நின்னுட்டேன். பெரியம்மாவுக்கு வச்ச அதே கதிரியக்கக் கோபால்ட். அந்த அரைப் பக்கம் எனக்குப் போதவே இல்ல, அன்னைக்கு ஆரம்பிச்சு இந்த ஒரு கதையத்தான் திரும்பத் திரும்பப் படிச்சுட்டு இருக்கேன், இப்ப நான் வேற வேலையில இருந்தாலும் இது மட்டும் விடல. இன்னைக்கு அத முழுசா எழுதிடணும்னு உக்காந்திருக்கேன், நீளமா போனா பொறுத்துக்கோங்க.

கதை கண்ணாடியில ஆரம்பிக்குது. ஒரு கேரம் போர்டு ஆட்டத்த வீடியோ எடுக்கறீங்கன்னு வைங்க. நேரா பாத்து எடுத்தது ஒண்ணு, கண்ணாடியில தெரியுற பிம்பத்த எடுத்தது ஒண்ணு. எது எதுன்னு சொல்லாம ஒருத்தர்கிட்ட குடுத்தா, காய் மோதுறத, பட்டுத் திரும்பறத வச்சு அவரால கண்டுபிடிக்க முடியுமா? முடியாது. நியூட்டன் விதி ரெண்டு வீடியோவுலயும் ஒரே மாதிரி வேலை செய்யும். புவியீர்ப்பு, மின்சாரம், காந்தம் எல்லாத்துக்கும் இதுதான். இயற்கைக்கு இடது வலது தெரியாது, ரெண்டும் அதுக்கு ஒண்ணுதான். இதத்தான் பாரிட்டி சமச்சீர்னு சொல்றாங்க. 1924ல லப்போர்ட்டேங்கறவர் இரும்போட நிறமாலையில (அதோட வெளிச்சத்த பிரிச்சா தெரியுற நிறக்கோடுகள்ல) சில கோடுகள் மட்டும் வரவே மாட்டேங்குதுன்னு ஒரு விதிய கண்டுபிடிச்சாரு, ஏன்னு தெரியல, 1927ல விக்னர்ங்கற இயற்பியலாளர் வந்து அதுக்குக் காரணமே இந்தக் கண்ணாடி சமச்சீர்தான்னு காட்டினாரு. எங்கயோ கோடு கோடா தெரியுற ஒரு வெளிச்சத்துல ஒரு கோடு இல்லாமப் போறதுக்குக் காரணம், பிரபஞ்சத்துக்கு இடது கை வலது கை பேதம் இல்லாதது! இத முதல்ல படிச்சப்ப எனக்கு உடம்பு சிலிர்த்துச்சு, பொய் சொல்லல.

அதுக்கும் முன்னாடி 1918ல எம்மி நோதர்னு ஒரு அம்மா, அப்ப ஜெர்மனியில கோட்டிங்கன் யுனிவர்சிட்டியில சம்பளம்கூட இல்லாம இருந்தாங்க, அவங்க பேர்ல வகுப்பு எடுக்க விடாம ஹில்பர்ட்ங்கற பெரிய கணித மேதை பேர்ல போட்டு எடுக்க வேண்டியிருந்துச்சு, அவங்க ஒரு தேற்றம் நிரூபிச்சாங்க. தொடர்ச்சியா மாத்திக்கிட்டே போகக்கூடிய ஒவ்வொரு சமச்சீருக்கும் ஒரு அழியாத அளவு உண்டுன்னு. இன்னைக்கும் நாளைக்கும் விதி ஒண்ணுன்னா ஆற்றல் அழியாது, இங்கயும் அங்கயும் ஒண்ணுன்னா உந்தம் அழியாது. கண்ணாடி சமச்சீர் இந்தத் தொடர்ச்சியான வகையில சேராது, அது ஒரே திருப்பு, ஆனா குவாண்டம்ல அதுக்கும் ஒரு அழியாத அளவு கிடைச்சுடுது, அதுதான் பாரிட்டி, அதுக்கு பிளஸ், மைனஸ்னு ரெண்டே மதிப்பு. இப்படி இருக்கும்போது எந்த விஞ்ஞானிக்குத்தான் இது மேல சந்தேகம் வரும்? அழகா இருந்துச்சு, வேலையும் செஞ்சுச்சு. சுமார் 30 வருஷம் யாரும் தொடல.

இங்க நம்ம சங்கு பத்திக் கொஞ்சம் சொல்லிக்கிறேன். மன்னார் வளைகுடாவுல எடுக்கிற சங்கு கிட்டத்தட்ட எல்லாமே இடம்புரி. வலம்புரி ரொம்ப அபூர்வம், அதனாலதான் அந்த விலை, அந்தப் பூஜை. இதுல ஒரு வேடிக்கை, நாம வலம்புரின்னு சொல்றத உயிரியல் புத்தகத்துல இடதுன்னு போட்டிருப்பாங்க. ஏன்னா அவங்க சங்க கூர் மேல இருக்கற மாதிரி பிடிச்சு வாய் எந்தப் பக்கம் இருக்குன்னு பாக்குறாங்க, நாம தலைகீழா பிடிச்சுப் பாக்குறோம். சங்கு மாறல, பேர்தான் மாறுது. அப்ப இடது வலதுங்கறது நாம பேசி வச்சுக்கிட்டதுதானா? ரொம்ப தூரத்துல, நம்ம நட்சத்திரம் எதுவும் தெரியாத ஒரு இடத்துல ஒருத்தர் இருக்காரு, அவர்கிட்ட ஃபோன்ல மட்டும்தான் பேச முடியும்னு வைங்க. மேல கீழ சொல்லிடலாம், பொருள் விழுற திசை கீழ. முன்ன பின்ன சொல்லிடலாம். இடதுன்னா எதுன்னு எப்படி சொல்வீங்க? இதயம் இருக்கற பக்கம்னா அவருக்கு இதயம் எங்க இருக்கோ. கண்ணாடி சமச்சீர் உண்மையா இருந்தா எந்தச் சோதனையச் செய்யச் சொன்னாலும் சொல்லவே முடியாது. 1956 வரைக்கும் பதில் அதுதான்.

1956ல ஒரு தலைவலி இருந்துச்சு. காஸ்மிக் கதிர்லயும் முடுக்கிகள்லயும் ரெண்டு துகள் வந்துக்கிட்டே இருந்துச்சு, ஒண்ணுக்கு டவ்னு பேரு, இன்னொண்ணுக்கு தீட்டான்னு பேரு. டவ் மூணு பையானா (அதவிடச் சின்ன ஒரு துகள்) உடையும், தீட்டா ரெண்டு பையானா உடையும். மூணா உடையறதும் ரெண்டா உடையறதும் எதிரெதிர் பாரிட்டி, அதனால இது ரெண்டு வேற வேற துகளாத்தான் இருக்கணும். ஆனா எடை ஒண்ணு, ஆயுளும் ஒண்ணு, அளக்க அளக்க இன்னும் ஒண்ணாகுது. அந்த வருஷம் ஏப்ரல்ல அமெரிக்காவுல ராச்செஸ்டர்ல நடந்த மாநாட்டுல ஃபெய்ன்மன்ங்கற இயற்பியலாளர் எந்திரிச்சு, தன்னோட ரூம்மேட் மார்ட்டின் பிளாக் கேக்கச் சொன்னாருன்னு சொல்லி, ஒருவேளை பாரிட்டி எல்லா இடத்துலயும் காப்பாத்தப்படலையோன்னு கேட்டாரு. இதச் சின்னப்பிள்ளைத்தனமான கேள்வின்னு நெனச்சு யாரும் கேக்காம இருந்திருப்பாங்கன்னு எனக்குத் தோணும்.

டி. டி. லீ, சி. என். யாங்னு ரெண்டு இயற்பியலாளர்கள் அந்தக் கேள்விய எடுத்துக்கிட்டு அதுவரைக்கும் நடந்த சோதனையெல்லாம் தோண்டிப் பாத்தாங்க. அணுக்கருவ கட்டி வச்சிருக்கற வலுவான விசைக்கும் மின்காந்தத்துக்கும் நல்ல சான்று இருந்துச்சு. பீட்டா சிதைவு மாதிரி நிகழ்ச்சிகள நடத்துற மென்விசைக்கு? ஒண்ணுகூட இல்ல. நூத்துக்கணக்குல பீட்டா சோதனை நடந்திருக்கு, எல்லாத்துலயும் கண்ணாடி சமச்சீர் இருந்தாலும் இல்லன்னாலும் ஒரே விடைதான் வர்ற மாதிரி அளந்திருக்காங்க. எனக்கு இந்தக் கதையிலேயே பயங்கரமா படுற இடம் இதுதான். தப்பா அளக்கல. கேக்கவே இல்ல. அழகா இருக்கறதால கேக்கணும்னு தோணல. 1928லயே காக்ஸ்னு ஒருத்தரும் அவரோட கூட்டாளிகளும் ரேடியத்துல இருந்து வர்ற எலக்ட்ரான ரெண்டு தடவ சிதற வச்சு ஒரு விசித்திரமான இடது வலது வித்தியாசத்த பாத்து அச்சிலயே போட்டிருக்காங்க, அது என்னன்னு யாருக்கும் புரியல, அப்படியே தூசி படிஞ்சு கிடந்துச்சு. பொன்னா இருந்தாலும் கேள்வி கேட்டாத்தான் மின்னும் போல.

லீயும் யாங்கும் 1956 ஜூன்ல கட்டுரைய அனுப்புறாங்க, அக்டோபர்ல வெளிவருது. பாரிட்டி உடைஞ்சிருக்குன்னு அவங்க சொல்லல. இது இது செஞ்சு பாருங்கன்னு லிஸ்ட் குடுத்தாங்க. அதுல ஒண்ணு கோபால்ட் 60.

வூ சியென் ஷியுங். சீனாவுல ஷாங்காய்க்குப் பக்கத்துல ஒரு சின்ன ஊர்ல 1912ல பொறந்தவங்க, அப்பா பொண்ணுங்களுக்குன்னு ஸ்கூல் ஆரம்பிச்சவரு. 1936ல கப்பல் ஏறி அமெரிக்கா போனாங்க, அதுக்கப்புறம் அப்பா அம்மாவ ஒரு தடவகூட பாக்க முடியல. நியூயார்க் கொலம்பியா யுனிவர்சிட்டியில பீட்டா சிதைவுக்கு அவங்கள மிஞ்சின ஆள் அப்ப கிடையாது. லீயும் அதே கொலம்பியாதான், கட்டுரை அச்சுக்குப் போறதுக்கு முன்னாடியே அவங்ககிட்ட வந்து பேசிட்டாரு. அந்த வருஷம் வூவும் அவங்க கணவர் லூக் யுவானும், அவரும் இயற்பியலாளர்தான், ஊர விட்டு வந்து 20 வருஷம் ஆச்சுன்னு குயீன் எலிசபெத் கப்பல்ல டிக்கெட் போட்டு வச்சிருந்தாங்க, ஜெனீவா மாநாடு, அப்படியே கிழக்காசியா. இந்தச் சோதனைய வேற யாராவது முந்திடுவாங்கன்னு கணவர தனியா போகச் சொல்லிட்டு இவங்க இருந்துட்டாங்க. ஏன் அவ்வளவு அவசரம்னு கேட்டா, பாரிட்டி உடையும்னு அவங்க நம்பினதால இல்ல. உடையலன்னாலும் இத முதல் தடவையா ஒருத்தர் அளந்து சொல்லணும், அதுவே பெரிய விஷயம்னு நெனச்சாங்க. ஃபெய்ன்மன் பாரிட்டி உடையாதுன்னு ஒண்ணுக்கு அம்பதுன்னு ராம்சேங்கற இன்னொரு இயற்பியலாளர்கிட்ட பந்தயம் கட்டினாரு. உடையுமான்னு கேட்டதும் அவர்தான், உடையாதுன்னு பந்தயம் கட்டினதும் அவர்தான்.

இப்ப சோதனை. இத புரிஞ்சுக்க ஒரு பம்பரம் போதும். முகம் பாக்குற கண்ணாடிய தரையில படுக்கப் போட்டு அதுமேல ஒரு பம்பரத்த சுத்த விடுங்க. கண்ணாடிக்குள்ள இன்னொரு பம்பரம் தலைகீழா தெரியும். ஆனா அது எந்தப் பக்கமா சுத்துதுன்னு மேல இருந்து பாருங்க, நெசப் பம்பரம் சுத்துற அதே பக்கம்தான். சுத்து மாறல. இப்ப அந்தப் பம்பரத்து தலையில இருந்து ஒரு எறும்பு மேல பாத்து எகிறுதுன்னு வைங்க, கண்ணாடிக்குள்ள எறும்பு கீழ பாத்து எகிறும். சுத்து அதே, பாய்ச்சல் எதிர். கோபால்ட் 60 அணுக்கரு ஒரு பம்பரம். அது நிக்கல் 60ஆ மாறும்போது எகிறுற எலக்ட்ரான்தான் எறும்பு. இயற்கைக்கு கண்ணாடி பேதம் இல்லன்னா, ஒரே பக்கமா சுத்துற கோடிக்கணக்கான கோபால்ட்டுல இருந்து மேல போற எலக்ட்ரானும் கீழ போற எலக்ட்ரானும் சரிசமமா இருக்கணும். அவ்வளவுதான் கேள்வி. நாலு வயசுப் புள்ளைக்கும் சொல்லலாம்.

செய்யறது அவ்வளவு லேசு இல்ல. கோபால்ட் எல்லாம் ஒரே பக்கமா சுத்தணும். சாதாரண அறை வெப்பத்துல அணுக்கரு தறிகெட்டு ஒவ்வொண்ணும் ஒவ்வொரு பக்கம் பாத்துக்கிட்டு இருக்கும், காந்தம் வச்சாலும் கேக்காது. அடக்கணும்னா குளிர்விக்கணும், எவ்வளவுன்னா தனிப்பூஜ்யத்துக்கு (அதுக்குக் கீழ குளிரே கிடையாது) மேல நூத்துல ஒரு பாகம் கெல்வின். திரவ ஹீலியத்த விட சுமார் நானூறு மடங்கு குளிர். கொலம்பியாவுல அதுக்கு வசதி இல்ல, வாஷிங்டன்ல நேஷனல் பீரோ ஆஃப் ஸ்டாண்டர்ட்ஸ்ல ஆம்ப்ளர்னு ஒருத்தரும் அவரோட ஹேவார்டு, ஹாப்ஸ், ஹட்சன்னு ஒரு குழுவும் அந்த வித்தை தெரிஞ்சவங்க. வூ நியூயார்க்ல பாடம் எடுத்துட்டு வாஷிங்டன் ஓடுவாங்க, அங்க இருந்து இங்க ஓடுவாங்க.

குளிர்விக்கற விதம் எனக்கு ரொம்ப பிடிக்கும். சீரியம் மெக்னீசியம் நைட்ரேட்னு ஒரு உப்பு. அத ஹீலியத்துல குளிர வச்சு பலமான காந்தப்புலத்துல வைப்பாங்க, உள்ள இருக்கற குட்டி காந்தமெல்லாம் ஒழுங்கா நிக்கும். அப்புறம் வெளிய இருந்து சூடு வர்ற வழிய அடைச்சுட்டு காந்தப்புலத்த மெதுவா எடுத்துடுவாங்க. அந்தக் குட்டி காந்தங்கள் திரும்ப கலைஞ்சு போக ஆற்றல் வேணும், வேற வழியில்லாம அந்த உப்போட வெப்பத்தையே உறிஞ்சுக்கும். உப்பு தானா சில்லிட்டுப் போகும். அந்த உப்புக் கிறிஸ்டல் மேலதான் 0.05 மில்லிமீட்டர் தடிமனுக்கு கோபால்ட் படலம், ஏன்னா கனமா இருந்தா எலக்ட்ரான் வெளிய வர்றதுக்குள்ளயே மாட்டிக்கும். ரெண்டு சென்டிமீட்டர் மேல ஒரு ஆந்த்ரசீன் கிறிஸ்டல், எலக்ட்ரான் பட்டா மினுக்கும், அந்த மினுக்கல ஒரு நீள பிளாஸ்டிக் தண்டு வழியா குளிர்ச்சிக் கூண்டுக்கு வெளிய கொண்டு வந்து எண்ணணும். குளிர் நிக்கறது சில நிமிஷம். அதுக்குள்ள எண்ணிடணும், அப்புறம் சூடாகி கலைஞ்சுடும்.

முதல்ல கோபால்ட் சீக்கிரம் சீக்கிரமா கலைஞ்சு போச்சு, சூடு எங்கயோ இருந்து வருது. சுத்தி பெரிய கிறிஸ்டல்களா வச்சு ஒரு வீடு மாதிரி கட்டினாத்தான் காப்பாத்த முடியும்னு தெரிஞ்சுச்சு. பெரிய கிறிஸ்டல் வளக்கறதுல இவங்க யாருக்கும் அனுபவம் இல்ல. கொலம்பியாவுல பீக்கர வச்சுக்கிட்டு வூவும் அவங்க மாணவியும் மூணு வாரம் மல்லுக்கட்டி, சுமார் பத்து பெரிய கிறிஸ்டல் வளத்தாங்க, கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவற கிறிஸ்டல். அதக் கையில எடுத்துக்கிட்டு வாஷிங்டன் போன அன்னைக்கு உலகத்துலயே சந்தோஷமான ஆள் நான்தான்னு வூ பின்னாடி சொல்லியிருக்காங்க. ஒட்டவச்ச பசை அந்தக் குளிர்ல பொடிஞ்சு விழுந்துச்சு, நைலான் நூல் வச்சு கட்டினாங்க. ஒரு விதிய உடைச்ச சோதனை நூல்ல கட்டி நின்னுச்சு.

1956 டிசம்பர் கடைசியில தெரிய ஆரம்பிச்சுச்சு. எண்ணுற கருவிய அவங்க நகத்தவே இல்ல, காந்தப்புலத்த மட்டும் திருப்பினாங்க, பம்பரம் மறுபக்கம் சுத்தும், கண்ணாடி சமச்சீர் உண்மைன்னா எண்ணிக்கை மாறக்கூடாது. சூடா இருக்கும்போது வர்ற எண்ணிக்கைய 1ன்னு வச்சா, ஒரு பக்கம் புலம் வச்சப்ப 1.2 கிட்ட, திருப்பினா 0.8 கிட்ட. சூடாக சூடாக ரெண்டு கோடும் மெதுவா வந்து 1ல சேந்துக்குது. அந்த வரைபடத்த நான் எத்தனை தடவ பாத்திருப்பேன்னு தெரியல. ரெண்டு கோடு, ஒரு மீன் வாய் மாதிரி திறந்து மூடுது. எலக்ட்ரான் பெரும்பாலும் சுழற்சிக்கு எதிர்ப்பக்கம்தான் போகுது (வலது கை விரல சுத்துற பக்கமா மடக்கினா கட்டைவிரல் காட்டுற பக்கத்தத்தான் சுழற்சியோட பக்கம்னு சொல்றது). கண்ணாடிக்குள்ள தெரியுற கோபால்ட், சுழற்சி இருக்கற பக்கமே எலக்ட்ரான அனுப்புற கோபால்ட், அது எங்கயும் கிடையாது.

ஜனவரி 9ம் தேதி ராத்திரி 2 மணிக்கு எல்லா சந்தேகத்தையும் சரிபாத்து முடிச்சுட்டு ஹட்சன் மேஜை டிராயர்ல இருந்து ஒரு ஒயின் பாட்டில எடுத்து பேப்பர் கப்புல ஊத்திக் குடிச்சாங்களாம். இந்தச் சேதி காதுல விழுந்ததும் கொலம்பியாவுலயே லெடர்மனும் கார்வினும் மியூவான்ங்கற துகள (எலக்ட்ரான் மாதிரி, ஆனா கனமானது) வச்சு ஒரே வார இறுதியில அதே முடிவுக்கு வந்துட்டாங்க, ஆனாலும் வூவோட சோதனை முதல்ல வந்ததுன்னு ஒப்புக்கிட்டு காத்திருந்து கூடவே அச்சுக்குக் குடுத்தாங்க. பௌலி, பீட்டா சிதைவுல எலக்ட்ரானோட கூடவே கிளம்பற நியூட்ரினோங்கற துகளயே ஊகிச்சவரு, கடவுள் பலவீனமான இடதுகைக்காரரா இருப்பாருன்னு நான் நம்ப மாட்டேன், பெரிய தொகை பந்தயம்கூட வைப்பேன்னு கடிதம் எழுதினாரு. சில நாள்ல சேதி வந்துச்சு, நல்லவேளை யாரும் பந்தயத்துக்கு வரலன்னு இன்னொரு கடிதம். ஃபெய்ன்மன் அம்பது டாலர் குடுத்தாரு. அந்த வருஷமே லீக்கும் யாங்குக்கும் நோபல். வூவுக்கு இல்ல. அத நெனச்சா இப்பவும் எனக்கு ஆத்திரமா வருது, அந்தக் கிறிஸ்டல்தான் ஞாபகம் வரும். 1978ல இயற்பியலுக்கான முதல் வுல்ஃப் பரிசு அவங்களுக்குக் குடுத்தாங்க.

இவ்வளவோட நிறுத்தினா "அழக நம்பாத, சோதனைய நம்பு"ன்னு கதை முடிஞ்ச மாதிரி இருக்கும். ஆனா அதே 1957ல நடந்த இன்னொண்ணு அத அப்படியே திருப்பிப் போடுது. ஜார்ஜ் சுதர்சன், கோட்டயத்துக்காரர், நம்ம தாம்பரம் கிறிஸ்டியன் காலேஜ்ல படிச்சவரு, பின்னாடி 1980கள்ல தரமணி மேட்சயன்ஸ்க்கு (கணித அறிவியல் நிறுவனம்) இயக்குநரா இருந்தாரே அவரேதான், அப்ப ராச்செஸ்டர் யுனிவர்சிட்டியில மார்ஷாக்ங்கற பேராசிரியர்கிட்ட ஆராய்ச்சி மாணவரா இருந்தாரு. பாரிட்டி உடைஞ்சாச்சு, சரி, உடைஞ்சதுக்கு அப்புறம் மென்விசையோட வடிவம் என்ன? அவரும் மார்ஷாக்கும் எல்லா மென்விசை நிகழ்ச்சிக்கும் பொருந்துற ஒரே வடிவம் இருக்கு, அதோட பேரு "வி மைனஸ் ஏ" (V−A)ன்னு சொன்னாங்க. அதாவது மென்விசை இடதுகைத் துகள (போற திசைய வச்சுப் பாத்தா இடது பக்கமா சுத்துறது) மட்டும்தான் தொடும், அரைகுறையா இல்ல, முழுசா. ரொம்ப அழகா இருந்துச்சு, ஒரே ஒரு சிக்கல், அப்ப பேர் போன நாலு சோதனை அதுக்கு எதிரா இருந்துச்சு. ஹீலியம் 6 சோதனை அதுல ஒண்ணு. அவங்க என்ன பண்ணாங்க தெரியுமா, அந்த நாலு சோதனையும் தப்பு, திரும்பச் செய்யுங்கன்னு சொன்னாங்க! செஞ்சாங்க. நாலும் தப்புதான். ஃபெய்ன்மனும் கெல்மனும் அதே வடிவத்துக்கு வந்து எழுதினது பிரபலமாச்சு, சுதர்சன் பேரு பின்னாடி போயிடுச்சு, ஆனா முதல்ல வந்தது ராச்செஸ்டர்ல இருந்துதான், இத நம்ம பசங்க தெரிஞ்சுக்கணும்.

ஒரே வருஷத்துல ஒரு இடத்துல அழகு எல்லாரையும் ஏமாத்துச்சு, இன்னொரு இடத்துல அழகு சோதனையவே திருத்துச்சு. அப்ப எதத்தான் நம்புறது? நான் ரொம்ப நாள் இத யோசிச்சிருக்கேன். கண்ணாடி சமச்சீர் அழகா இருந்துச்சுதான், ஆனா அது பழகின அழகு, மத்த விசைகள்ல பாத்தத இதுக்கும் சும்மா கொண்டுவந்து போட்டது. வி மைனஸ் ஏ அப்படி இல்ல, அது தகவல்களுக்கு நடுவுல இருந்து இழுத்து எடுத்தது, மியூவான் சிதைவு, பையான் சிதைவு, பீட்டா சிதைவு எல்லாத்தையும் ஒரு கயித்துல கட்டுச்சு, அதுமட்டுமில்லாம எந்த எந்தச் சோதனைய திரும்பச் செய்யணும்னு பேர் சொல்லி காட்டுச்சு. என்னை வந்து அடிச்சுப் பாருங்கன்னு நின்னுச்சு. எனக்கு அதுதான் அழகு. டிராக்ங்கற இயற்பியலாளர், அழகான சமன்பாடுன்னா உயிர விடுறவரு, அவர்கூட 1949லயே இயற்கை கண்ணாடி பிம்பத்துக்கு மாறாம இருக்கணும்னு ஒரு தேவையும் இல்லன்னு ஒரு கட்டுரையில எழுதி வச்சிருக்காரு. அழக ரொம்ப நேசிச்ச ஆளுக்கு இந்த அழகு மட்டும் கண்ண மறைக்கல பாருங்க.

அதே 1957 கடைசியில அமெரிக்காவுல ப்ரூக்ஹேவன் ஆராய்ச்சிக்கூடத்துல கோல்டாபர், கிராட்சின்ஸ், சன்யார் மூணு பேரும் யூரோப்பியம் 152 வச்சு நியூட்ரினோவோட சுழற்சிய அளந்தாங்க. நியூட்ரினோவ லேசுல பிடிக்க முடியாது, அது கிளம்பும்போது அணுக்கரு பின்னாடி உதைபடும், அந்த உதைபட்ட அணுக்கரு விடுற காமா கதிரோட சுழற்சிய அளந்து இத சொன்னாங்க, மேஜை மேல வைக்கற அளவு சோதனை. விடை: இடதுகை, நம்ம பேச்சுல இடம்புரின்னு வைங்க. சங்குல வலம்புரி அபூர்வம், ஆனா உண்டு, கடல் தேடினா கிடைக்கும். வலம்புரி நியூட்ரினோவ இதுவரைக்கும் ஒருத்தரும் பாத்ததில்ல.

அப்ப ஃபோன்ல இருக்கற அந்த தூரத்து ஆளுக்கு இப்ப சொல்லிடலாம். கோபால்ட் 60ஐ குளிர வச்சு ஒரே பக்கமா சுத்த விடுங்க, எலக்ட்ரான் நிறைய வர்ற பக்கமா நின்னு பாருங்க, அணுக்கரு சுத்துற திசை இருக்கே, நாங்க கோயில் வலம் வர்றத மேல இருந்து பாத்தா தெரியுற திசை அதுதான். இடது வலது முதல் தடவையா பேசி வச்சுக்கிட்டதா இல்லாம இயற்கையில இருக்கறதா ஆச்சு. ஆனா அவரு எதிர்ப்பொருளால (நம்ம பொருள் மாதிரியே, ஆனா துகளோட மின்னூட்டம் எதிரா இருக்கறது) ஆனவரா இருந்தா? அவரோட எதிர்க்கோபால்ட் எதிர்ப்பக்கம் பாசிட்ரான (எலக்ட்ரானோட எதிர்த்துகள்) அனுப்பும், நம்ம ஆளு மாத்திப் புரிஞ்சுக்குவாரு. கண்ணாடியில திருப்பி, கூடவே பொருள எதிர்ப்பொருளாவும் மாத்தினா சமச்சீர் திரும்ப வந்துடுதுன்னு லாண்டாவ்ங்கற ரஷ்ய இயற்பியலாளர் சொன்னாரு, எல்லாரும் பெருமூச்சு விட்டாங்க. ஏழே வருஷம். 1964ல ப்ரூக்ஹேவன்ல குரோனினும் ஃபிட்சும் நீண்ட ஆயுள் கேயான் (முன்ன சொன்ன டவ்வும் தீட்டாவும் கடைசியில ஒரே துகள்தான்னு ஆச்சு, அந்தக் குடும்பத்துக்கு இப்ப பேரு கேயான்), வரக்கூடாத ரெண்டு பையானா ஆயிரத்துக்கு ரெண்டு தடவ உடையறத பாத்துட்டாங்க. அந்த சமச்சீரும் போச்சு, துளியூண்டு. இந்தத் துளி மாதிரி ஏதோ ஒண்ணு இல்லன்னா ஆரம்பத்துல பொருளும் எதிர்ப்பொருளும் சமமா இருந்து ஒண்ண ஒண்ணு அழிச்சுக்கிட்டு மிச்சம் ஒண்ணும் இல்லாமப் போயிருக்கும்னு 1967ல சகாரோவ்ங்கற ரஷ்ய இயற்பியலாளர் எழுதினாரு. நமக்குத் தெரிஞ்ச துளி அதுக்குப் பத்தாது, அதான் இப்பவும் தேடுறாங்க. 2013ல ஜெனீவா பக்கத்துல இருக்கற செர்ன் ஆராய்ச்சிக்கூடத்துல ரேடியம் 224 அணுக்கரு பேரிக்காய் வடிவத்துல இருக்குன்னு காட்டினாங்க, ஒரு முனை பெருசு ஒரு முனை சிறுசு, அந்த மாதிரி ஒழுங்கில்லாத அணுக்கருவுலதான் அந்த மிச்சத் துளி பெருசாகித் தெரியும்னு ரேடியத்த லேசர்ல பிடிச்சு வச்சுப் பாத்துட்டு இருக்காங்க.

எம்.எஸ்சி முடிச்ச வருஷம் பெரியம்மாகிட்ட இதெல்லாம் சொன்னேன். அவங்க அப்ப நல்லா இருந்தாங்க, முறத்துல அவரைக்காய் நார் எடுத்துட்டு இருந்தாங்க. பம்பரம் எறும்பு எல்லாம் பொறுமையா கேட்டுட்டு, "அப்ப கண்ணாடிக்குள்ள இருக்கற நான் நெசமில்லையாடி?"ன்னாங்க. அவங்க கேட்ட மாதிரி எங்க கிளாஸ்ல யாரும் கேட்டதில்ல. நீங்க நெசமாவே இருக்கலாம் பெரியம்மா, உங்கள அப்படியே திருப்பி வச்ச மாதிரி, மச்சம் அந்தப் பக்கம், இதயம் அந்தப் பக்கம்னு ஒருத்தர் இருந்தா அவங்களும் நடப்பாங்க, சமைப்பாங்க, ஆனா அந்தக் கரண்ட் ரூம மட்டும் திருப்பி கட்ட முடியாது. ஸ்க்ரூ வரைக்கும் எல்லாத்தையும் திருப்பி செஞ்சாலும் உள்ள இருக்கற கோபால்ட் திரும்பாதுன்னு சொன்னேன். "பிடிவாதம்"னு சொல்லிட்டு அடுத்த காய எடுத்தாங்க.

அந்த மெஷினுக்குள்ள நடந்தது இதுதான். ஒவ்வொரு கோபால்ட்டும் ஒரு எலக்ட்ரான எகிற விட்டுட்டு நிக்கலா மாறி, அடுத்து ரெண்டு காமா கதிர விடும், 1.17, 1.33 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட். கேன்சர சுட்டது அந்தக் காமா. அரை ஆயுள் 5.27 வருஷம்ங்கறதால சோர்ஸ் பழசாக ஆக கரண்ட் வைக்கற நிமிஷம் கூடிக்கிட்டே போகும், பெரியம்மாவுக்கு ஏன் பக்கத்து ஊர் ஆஸ்பத்திரிய விட ரொம்ப நேரம் ஆச்சுன்னு எனக்கு அப்புறம்தான் புரிஞ்சுச்சு. எலக்ட்ரான் எதுவும் பெரியம்மா வரைக்கும் வரவே இல்ல, ஸ்டீல் கேப்சூல் சுவர்லயே நின்னுடும். அங்க கோபால்ட் எல்லாம் தறிகெட்ட திசையில நிக்கறதால எலக்ட்ரான் எல்லாப் பக்கமும் சமமாத்தான் போயிருக்கும், ஆனா ஒவ்வொண்ணும் கிளம்பும்போது பெரும்பாலும் இடம்புரியா சுத்திக்கிட்டே கிளம்பியிருக்கும். நான் வெளிய பெஞ்சுல உக்காந்து கதவுல இருந்த மூணு இதழ் சின்னத்த நோட்டுல வரைஞ்சுக்கிட்டு இருந்தேன். அந்தச் சின்னத்த கண்ணாடியில காட்டினா அப்படியே இருக்கும், ஒரு மாத்தமும் தெரியாது.